ஒரே மேசையில் வாங்கினால் மலிவாகிவிடுமா?

முப்படைகளுக்கும் வேண்டிய சாமான்களைக் கொழும்பில் ஒரே மேசையில் வைத்து மொத்தமாக வாங்கினால் செலவு குறையும் என்ற பேச்சு, 2022 நெருக்கடிக்குப் பிறகு இந்த நாட்டில் எதிர்ப்பே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நெருக்கடியில் திறைசேரி காலியானது. சர்வதேச நாணய நிதியம் கணக்குக் கேட்கிறது. படைச் செலவில் கைவைக்காமல் தப்ப முடியாது. ஆனால் படையில் கைவைக்க எந்த அரசாங்கமும் அஞ்சும். ஆகவே எவர் மனமும் நோகாத வழியாக 'மையப்படுத்திய பெறுகை' முன்னே வந்து நிற்கிறது. தரைப்படை ஒரு விலைக்கும் கடற்படை இன்னொரு விலைக்கும் விமானப்படை வேறொரு விலைக்கும் அதே பருப்பை வாங்குவது அநியாயம் அல்லவா என்று கேட்கிறார்கள். அநியாயம்தான். அதற்கு அவர்கள் கொடுக்கச் சொல்லும் மருந்துதான் பிழை.

திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இது தொலைதூர விவகாரம் இல்லை. டொக்யார்ட்டில் கடற்படையின் கிழக்குக் கட்டளையகம், பிளான்டன் பொயின்டில் தரைப்படை, சீனன்குடாவில் விமானப்படையின் கல்விக்கழகம் என்று மூன்று படையும் ஒரே துறைமுகத்தைச் சுற்றி இருக்கின்றன. முகாம்களுக்குச் சாமான் ஏற்றிப் போகும் லொறி எங்கள் வீதியால்தான் போகிறது. அந்த லொறியை யார் அனுப்புகிறார், எங்கிருந்து அனுப்புகிறார் என்பது இங்கே ஒரு குடும்பத்தின் வருமானக் கேள்வி.

முதலில், காசு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். பாதுகாப்பு ஒதுக்கீட்டில் மிகப் பெரிய பங்கு மீண்டெழும் செலவு. அதிலும் சம்பளமும் படிகளும்தான் முன்னே நிற்கின்றன. 2023 ஜனவரியில் அப்போதைய பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் பிரமித்த பண்டார தென்னகோன், அப்போது இரண்டு இலட்சமாக இருந்த தரைப்படையை 2024க்குள் 1,35,000 ஆகவும் 2030க்குள் ஒரு இலட்சமாகவும் குறைக்கப்போவதாக அறிவித்தார். போர் முடிந்து பதின்மூன்று ஆண்டு கடந்த பிறகு வந்த அறிவிப்பு அது. ஆள் பாதியானால் அரிசியும் பாதி, சப்பாத்தும் பாதி, வாகனமும் டீசலும் பாதி. எந்த மொத்தக் கொள்வனவும் இந்தச் சேமிப்புக்குக் கிட்டவும் வராது. விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அளவைப் பற்றிப் பேச நேரமிருக்காது. மொத்தக் கொள்வனவுத் திட்டங்கள் பாதுகாப்பு வட்டாரத்தில் இவ்வளவு இலகுவாக வரவேற்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

அளவை விட்டு விலைக்கே வருவோம். மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது உண்மையாக வேண்டுமானால், வாங்கும் சாமான் ஒரே மாதிரி இருக்க வேண்டும். விற்பவர்கள் பலர் இருக்க வேண்டும். எங்கள் துறைமுகத்துக்கு வந்துபோகும் கடற்படைக் கப்பல்களைப் பாருங்கள். 'சயுர' 2000இல் இந்தியாவிலிருந்து வந்தது. 'சமுதுர', 'கஜபாகு', 'விஜயபாகு' மூன்றும் அமெரிக்கக் கரையோரக் காவற்படை ஓடித் தீர்த்துவிட்டுக் கொடுத்தவை. 'பராக்கிரமபாகு' 2019இல் சீனா தந்தது. 'சயுரல', 'சிந்துரல' இரண்டும் கோவாவில் கட்டப்பட்டவை. வேகத் தாக்குதல் படகுகளின் பூர்வீகம் இஸ்ரேல். ஒவ்வொன்றுக்கும் வேறு இயந்திரம், வேறு உதிரிப்பாகம், பல பாகங்களுக்கு உலகத்தில் ஒரேயொரு விற்பனையாளர். இங்கே எதைச் சேர்த்து மொத்தமாக வாங்குவது? ஒரே விற்பனையாளருக்கு முன்னால் மூன்று படையும் தனித்தனியே போனாலும் ஒன்றாகப் போனாலும் அவர் சொல்வதுதான் விலை. அமெரிக்காவில் படைகளுக்கான உதிரிப்பாகங்களை வாங்க 1961 முதல் ஒரு மாபெரும் மைய நிறுவனம் இருக்கிறது. அப்படியிருந்தும் 2019இல் பென்டகனின் தலைமைக் கண்காணிப்பாளர், டிரான்ஸ்டைம் என்ற ஒரு கம்பனி விற்ற 47 பாகங்களை எடுத்துச் சோதித்தபோது 46இல் அளவுக்கு மீறிய இலாபம் வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். மிகையாகப் போனது 1 கோடியே 61 இலட்சம் டொலர். உலகத்திலேயே பெரிய வாங்குநருக்கே அந்த நிலை.

இனிச் சாப்பாடு. ஆயுதத்தைப் போலத் தலைப்புச் செய்தியாகாத, ஆனால் ஒவ்வொரு நாளும் நடக்கிற கொள்வனவு இதுதான். விடியப்புறம் திருக்கடலூர்க் கரையில் வள்ளங்கள் ஏறும்போது வாடிகளில் என்ன நடக்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அறுக்குளாவும் பாரையும் தனியே பிரிகிறது. சூரை ஒரு பக்கம், சாளை ஒரு பக்கம். பெரிய மீனுக்கு ஐஸ் போட்டுப் பெட்டி மூடி லொறியில் ஏற்றுகிறார்கள். லொறி கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை தாண்டி 250 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள பேலியகொடை மீன் சந்தையில் நிற்கிறது. நாளைக்கு முப்படைகளின் மீனுக்கு ஒரே மையக் கொந்தராத்து வந்தால் அதை எடுக்கக்கூடியவர் பேலியகொடையில் பலமுள்ள ஒருவராகத்தான் இருப்பார். அவர் அங்கே வாங்கி, அதே வீதியால், அதே மீனைத் திரும்ப டொக்யார்ட்டுக்கு அனுப்புவார். கிலோவுக்குச் சில ரூபா குறைந்திருப்பதாக ஆவணம் சொல்லும். இரண்டு நாள் பழசான மீன், இருமுறை ஐஸ், இருமுறை டீசல், வழியில் கழிவுபோவது எல்லாம் ஆவணத்தின் வேறு பந்திகளில் சிதறிக் கிடக்கும். மீன் பிடித்தவரும் அதைச் சாப்பிடப்போகிறவரும் ஒரே குடாவின் இரண்டு கரையில் இருந்தார்கள் என்பது எந்தப் பந்தியிலும் வராது.

அரிசிக்கும் இதே கதைதான். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் மூதூரிலும் பெரும்போகம் வெட்டும்போது நெல் விலை விழுகிறது. வாங்க ஆளில்லாமல் விவசாயி வீதியோரத்தில் நெல்லைக் காயப்போட்டுக்கொண்டு காத்திருக்கிறார். அந்த நேரத்தில் மாவட்டத்துக்குள் ஆண்டு முழுவதும் நிச்சயமாகச் சோறு சமைக்கிற மிகப் பெரிய வாடிக்கையாளர் படைமுகாம்கள்தான். மையக் கேள்விப்பத்திரம் என்று வந்துவிட்டால் வங்கி உத்தரவாதம், கடந்த ஆண்டுகளின் விற்றுமுதல், நாடு முழுவதும் விநியோகிக்கும் வாகன வசதி, கொடுப்பனவு வர மாதக்கணக்கில் பொறுத்திருக்கும் தெம்பு எல்லாம் நிபந்தனையாகும். கிண்ணியாவில் ஒரு சிறு ஆலைக்காரர் அந்தப் படிவத்தை வாங்கவே போக மாட்டார். போட்டியாளர்கள் குறைந்தால் விலை கூடும் என்பது சந்தைக்குப் போகும் எவருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் செலவைக் குறைக்க வந்த திட்டம் முதல் வேலையாகப் போட்டியாளர்களைத்தான் குறைக்கிறது.

இந்தியத் தரைப்படை உலர் உணவை மையமாகவும், மரக்கறி, பழம், இறைச்சியை உள்ளூரிலும் வாங்குகிறது. அதன் உணவு விநியோகத்தை ஆராய்ந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2010-11 அறிக்கை, மையமாக வாங்கிய உலர் உணவு காலாவதித் திகதி கடந்த பின்னும் படைவீரர்களுக்குக் கொடுக்கப்பட்டதைப் பதிவு செய்தது. சங்கிலி நீண்டால் பண்டம் பழசாகும். அதே அறிக்கை உள்ளூர்க் கொள்வனவிலும் போட்டி இல்லாத இடங்களைக் கண்டது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. அதற்கான பதில் பின்னால் வருகிறது.

இடைத்தரகர் ஒழிவார் என்பது எதிர்த்தரப்பின் மிகப் பிடித்தமான வாதம். அதை நாங்கள் ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்துப் பார்த்தாயிற்று. நான்காம் ஈழப்போர்க் காலத்தில், கோட்டாபய ராஜபக்ஷ பாதுகாப்புச் செயலாளராக இருந்தபோது, லங்கா லொஜிஸ்டிக்ஸ் அன்ட் டெக்னோலஜீஸ் என்ற அரச கம்பனி அமைச்சின் கீழ் உருவானது. முகவர்களை விலக்கி, படைகளுக்கான கொள்வனவை ஒரே வாசலால் கொண்டுபோவதே அதன் நோக்கம் என்று சொன்னார்கள். தேவை இது என்று சொல்பவர், வாங்குபவர், வாங்கியது சரி என்று கையெழுத்து வைப்பவர் எல்லோரும் ஒரே அமைச்சின் கூரைக்குக் கீழ். வெளியே இருந்து விலையைப் பார்க்க யாருக்கு வழி இருந்தது?

அதே காலத்து மிக்-27 விவகாரம் இன்னும் தெளிவான பாடம். 2006இல் உக்ரேனிலிருந்து நான்கு பழைய போர் விமானங்கள் வாங்கப்பட்டன. அரசுக்கும் அரசுக்கும் இடையிலான கொடுக்கல்வாங்கல், ஆகவே தரகருக்கு இடமில்லை என்றார்கள். ஒப்பந்தத்தில் பணம் பெறும் தரப்பாக இருந்ததோ பெல்லிமிஸ்ஸா ஹோல்டிங்ஸ் என்ற வெளிநாட்டுக் கம்பனி. 2007இல் 'சண்டே டைம்ஸ்' பத்தியாளர் இக்பால் அத்தாஸ் இதை வெளியே கொண்டுவந்தார். அவருக்கு அளிக்கப்பட்டிருந்த பாதுகாப்பு விலக்கப்பட்டது. 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவும் இந்த விவகாரத்தை விடாமல் எழுதினார். 2009 ஜனவரி 8இல் அவர் கொல்லப்பட்டார். யார், எதற்காகக் கொன்றார்கள் என்பது இன்றுவரை எந்த நீதிமன்றத்திலும் நிறுவப்படவில்லை. விலை கேட்பது எவ்வளவு ஆபத்தான வேலையாக இந்த நாட்டில் இருந்தது என்பதை மறந்துவிட்டு, கொள்வனவை இன்னும் உயரமான, இன்னும் ஒதுக்கமான ஓர் அறைக்குள் கொண்டுபோகச் சொல்வது எப்படிப்பட்ட சீர்திருத்தம்?

இந்தியாவின் போஃபர்ஸும் அப்படித்தான். 1986 மார்ச்சில் 410 பீரங்கிகளுக்கு டில்லி கையெழுத்திட்டபோது முகவர்களே இருக்கக் கூடாது என்பது அரசாங்கத்தின் வெளிப்படையான நிபந்தனை. பேச்சுவார்த்தை முழுவதும் மையத்தில். அடுத்த ஆண்டு ஏப்ரலில் சுவீடன் வானொலி தரகுப் பணத்தைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. சென்னையிலிருந்து வரும் 'இந்து' ஆவணங்களை ஒவ்வொன்றாக அச்சிட்டது. வாங்கும் மேசை ஒன்றாகிவிட்டால் தரகருக்கு வேலை இலகுவாகிறது. பத்து அலுவலகங்களுக்கு அலைந்தவர் இனி ஒரு கதவைத் தட்டினால் போதும்.

எதிர்த்தரப்பிடம் ஓர் உண்மையான வலுவான சாட்சி இருக்கிறது. அதை அவர்கள் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்பதால் நானே சொல்கிறேன்: பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அவரது முயற்சியால் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் மருந்து இறக்குமதியை ஒரே கைக்குக் கொண்டுவந்து விலையைப் பெருமளவு இறக்கியது. மூன்றாம் உலகம் முழுவதும் அதைப் பார்த்துக் கற்றது. அப்படியானால் படைக்கும் அதையே செய்யலாமே?

பிபிலே என்ன செய்தார் என்று கவனித்துப் பார்த்தால் இந்த ஒப்பீடு நிற்காது. அவர் முதலில் பட்டியலைக் குறைத்தார். சந்தையில் இருந்த ஆயிரக்கணக்கான வணிகப் பெயர்களில் தேவையற்றவற்றை வெட்டினார். மருந்தை வணிகப் பெயரால் அல்லாமல் மூலப்பெயரால் எழுத வைத்தார். அதனால் ஒரே மாத்திரைக்கு உலகின் எந்த மூலையிலிருந்தும் விலைமனு வர வழி பிறந்தது. விலைகள் ஒப்பிடக்கூடியவையாக, வெளியே தெரிபவையாக இருந்தன. பன்னாட்டு மருந்துக் கம்பனிகள் கொதித்ததே விலை அம்பலமானதால்தான். ஒரே கையால் வாங்கியது கடைசிப் படி. பாதுகாப்பு அமைச்சு முதற்படிகள் எதையும் ஏறாமல் கடைசிப் படிக்குத் தாவ விரும்புகிறது. பட்டியலைக் குறைக்க அது ஆயத்தமில்லை. விலையை வெளியிட அறவே ஆயத்தமில்லை. பிபிலேயின் பெயரைச் சொல்லும் உரிமை அதற்கு எங்கிருந்து வரும்?

மைய வாங்குகையில் இன்னொரு செலவு உண்டு. அது நல்ல ஆண்டுகளில் கண்ணுக்குத் தெரியாது. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்துவிட்டு, சீனாவின் சிங்தாவ் சீவின் கம்பனியிடம் சேதனப் பசளை வாங்க அரசாங்கம் முடிவெடுத்தது. 'ஹிப்போ ஸ்பிரிட்' கப்பல் கொண்டுவந்த பசளையில் தீங்கான பக்டீரியா இருப்பதாக எங்கள் தாவரத் தொற்றுத்தடுப்புப் பிரிவே அறிக்கை கொடுத்தது. சரக்கு இறங்கவில்லை. ஆனாலும் 2022 தொடக்கத்தில் ஏழு மில்லியனை நெருங்கிய டொலரை அந்தக் கம்பனிக்குக் கட்ட வேண்டி வந்தது. கந்தளாயிலும் மூதூரிலும் அந்தப் பெரும்போகத்தில் வயல் எப்படி இருந்தது என்பதை இங்கே எவருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரு மேசையில் நடந்த பிழை ஒரே நாளில் நாட்டின் எல்லா வயலுக்கும் போய்ச் சேர்ந்தது.

இதற்கு நேர் எதிரான சாட்சி சீனன்குடாவில் நிற்கிறது. பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்னும் இருக்கின்றன. மேற்றொகுதியில் பெரும்பாலானவற்றைக் காடு மூடிக்கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது ஒரு தாங்கி நாட்கணக்கில் எரிந்தது. ஒரு கப்பற்படையின் எரிபொருளைப் பெருமளவில் ஓரிடத்தில் குவிப்பதன் ஆபத்தை அப்போதே இந்த ஊர் பார்த்துவிட்டது. 2022 ஜூன் கடைசியில் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம் எரிபொருள் தீரும் நிலைக்கு வந்து, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று அரசாங்கம் அறிவித்த நாட்களில், இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் துணைக் கம்பனியான லங்கா ஐஓசி சீனன்குடா முனையத்திலிருந்து விநியோகித்துக்கொண்டிருந்தது. அது தேசபக்தியாலோ தயாளத்தாலோ நடந்த காரியம் இல்லை. அவர்கள் வேறு வழியால் வாங்கினார்கள், அவ்வளவுதான். கூட்டுத்தாபனத்துக்குக் கடன் கடிதம் திறக்க முடியாமல் போனபோது நாட்டில் இரண்டாவது வாங்குநர் ஒருவர் இருந்தார். ஐஓசியுடன் செய்த குத்தகை ஒப்பந்தங்களைப் பற்றி எனக்கும் ஆயிரம் கேள்வி உண்டு. ஆனால் அந்த இரண்டு வாரத்தில் நாட்டுக்கு ஒரே வாங்குநர்தான் இருந்திருந்தால் சாதாரண சனங்களின் வாகனம் எதில் ஓடியிருக்கும்?

முகாம்கள் தாங்களே பயிரிடுவதையும் சேமிப்பு என்று காட்டுகிறார்கள். படைப் பண்ணையில் விளைந்த கத்தரிக்காய் கிலோ இத்தனை ரூபாதான், சந்தையில் அதைவிட அதிகம் என்று ஒரு கணக்கு வரும். அந்தக் காணிக்கு வாடகை யார் கட்டுகிறார்? தண்ணீர் பாய்ச்சும் சிப்பாயின் சம்பளம் எந்தத் தலைப்பில் விழுகிறது? சீனன்குடாவின் மாபிள் பீச்சில் விமானப்படை விடுதி நடத்துகிறது. துறைமுகத்துக்குள் சோபர் தீவில் கடற்படை நடத்துகிறது. நிலமும் ஆளும் திறைசேரியின் செலவில் இருக்க, அறை வாடகையை மட்டும் வருமானமாகக் காட்டினால் எந்தத் தொழிலும் இலாபத்தில்தான் ஓடும். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் வங்கிக் கடன் எடுத்து விடுதி கட்டியவர் இந்த விலையோடு மோத வேண்டும். அதற்கு மேல், முகாமுக்கு மரக்கறி கொடுத்துக்கொண்டிருந்த சிறு வியாபாரியின் கொந்தராத்தும் கொழும்புக்குப் போய்விட்டால், நிலத்தையும் கரையையும் படைக்குக் கொடுத்த இந்த மாவட்டத்துக்குத் திரும்பி வருவது என்ன?

உள்ளூர்க் கொள்வனவு சுத்தமானது என்று நான் வாதாடவில்லை. நான்கைந்து கொந்தராத்துக்காரர்கள் கூடிப் பேசி விலை வைப்பது, நிறையில் வெட்டுவது, முகாமில் ஓர் அதிகாரியோடு சிநேகம் வைத்துக்கொள்வது எல்லாம் நடக்கக்கூடியவைதான். ஆனால் அந்தக் களவின் அளவு ஒரு மாவட்டத்தோடு நிற்கும். பக்கத்து மாவட்டத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பிடிக்கவும் முடியும். ஒப்பிட ஒரே விலைதான் இருக்கிறதென்றால் களவு எது, விலை எது என்று கணக்காய்வாளருக்கே தெரியாது.

உக்ரேனைப் பாருங்கள். 2023 ஜனவரியில், ரஷ்யாவுடன் போர் உச்சத்தில் இருக்கும்போதே, அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சு கீவ் கடைகளில் ஏழு ஹிரிவ்னியாவுக்கு விற்ற முட்டைக்குப் பதினேழு கொடுப்பதை யூரி நிக்கோலோவ் என்ற பத்திரிகையாளர் வெளியிட்டார். அது அமைச்சே செய்த பிரமாண்டமான உணவு ஒப்பந்தம். பிரதி அமைச்சர் ஒருவர் பதவி விலகினார். படைகளுக்கு வாங்கும் சாமான்களின் விலையை வெளியிட வைக்கும் சட்டம் சில வாரங்களில் நிறைவேறியது. ஊரை ஏவுகணை தாக்கிக்கொண்டிருக்கும்போது அவர்களால் முட்டை விலையைச் சொல்ல முடிகிறது. 2009இல் போரை முடித்த நாங்கள் எதை மறைக்கிறோம்?

பெறுகையைக் கண்காணிக்க வேண்டிய அமைப்பின் கதியையும் சொல்ல வேண்டும். தேசிய பெறுகை ஆணைக்குழுவை 2015இல் 19ஆவது திருத்தம் கொண்டுவந்தது; 2020இல் 20ஆவது திருத்தம் ஒழித்தது; 2022இல் 21ஆவது திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. ஆட்சி மாறினால் ஆணைக்குழுவே இருக்குமோ தெரியாது என்ற நிலையில், இருக்கிற அதிகாரம் முழுவதையும் ஒரு மேசையில் குவிக்கச் சொல்கிறார்கள்.

துப்பாக்கிக் குண்டையோ ராடாரையோ மாவட்டம் மாவட்டமாக வாங்கச் சொல்லவில்லை. சீருடைத் துணி, டயர், மருந்து போன்றவற்றை மூன்று படைக்கும் சேர்த்து வாங்குவதில் எனக்கு ஆட்சேபமில்லை. விற்பவர் பலர், பண்டம் ஒன்று. மீன், மரக்கறி, அரிசி, முட்டை, பாண், கட்டடத் திருத்தம், படகுத் திருத்தம் ஆகியவை மாவட்டத்திலேயே, சிறு சிறு தொகுதிகளாக, சிறிய ஆலைக்காரரும் மீனவர் கூட்டுறவுச் சங்கமும் கேட்கக்கூடிய அளவில் வர வேண்டும். சரியான விலை எது என்று அறிய ஆணைக்குழு ஒன்றும் தேவையில்லை: தம்புள்ளை, பேலியகொடை விலைகளை மத்திய வங்கியும் ஹெக்டர் கொப்பேகடுவ நிறுவகமும் ஏற்கெனவே வெளியிட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த விலைக்குப் பக்கத்தில் தரைப்படை கொடுத்த விலை, கடற்படை கொடுத்த விலை, விமானப்படை கொடுத்த விலை மூன்றையும் எழுதிக் கச்சேரி அறிவித்தல் பலகையில் மாதம் ஒருமுறை ஒட்டினால், மூன்று படை மூன்று விலைக்கு வாங்குகிற அநியாயம் மையக் கம்பனி எதுவும் இல்லாமலே அடுத்த மாதம் குறையத் தொடங்கும்.

தேசிய பாதுகாப்பு என்பார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் அதற்கு விதிவிலக்கு இருக்கிறது. நான் கேட்பது அலகு விலையை மட்டும். எத்தனை மூட்டை, எந்த முகாமுக்கு என்பதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். கிலோ பருப்பின் விலையை வைத்துக்கொண்டு படையின் பலத்தை எந்த எதிரியாலும் கணக்கிட முடியாது. தரைப்படையின் ஆட்தொகையை அமைச்சரே பகிரங்கமாகச் சொன்ன நாட்டில், அந்தப் படை சாப்பிடும் அரிசியின் விலை மட்டும் இரகசியமாக இருக்க நியாயமில்லை. அரிசியிலிருந்தே தொடங்கலாம்: அடுத்த பெரும்போக அறுவடைக்கு முன், மூன்று படையும் திருகோணமலை மாவட்டத்தில் கடைசியாக அரிசி வாங்கிய விலையை ஒரு தாளில் எழுதி வெளியிடட்டும்.